போர்ப்புண்ணும் போட்டி விளையாட்டும்: படையினரின் மனவடு மீட்சி பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

ஹோமரின் இலியட் காவியத்து இருபத்துமூன்றாம் காண்டத்தின் பெரும்பகுதி விளையாட்டுப் போட்டிகளின் வருணனையாகும். தன் உயிர்த் தோழனான பத்ரோகுளுசைப் போரில் இழந்த அக்கிலீஸ், ஈமச் சடங்குகள் முடிந்ததும் கலைந்து செல்ல முற்பட்ட கிரேக்கப் படையினரைத் தடுத்து அமர்த்துகின்றான். தன் மரக்கலங்களிலிருந்து பரிசுப் பொருள்களைக் கொண்டுவரச் செய்து, தேரோட்டம், குத்துச்சண்டை, மற்போர், ஓட்டம் முதலியவற்றை நடத்துவிக்கின்றான். காவியத்தின் தொடக்கத்திலே எந்த அகமெம்னனோடு முரண்பட்டுப் போரிலிருந்து விலகினானோ அதே அகமெம்னனுக்கு இறுதிப் பரிசினைப் போட்டியின்றியே வழங்கவும் செய்கின்றான். நீண்ட போரினாற் களைப்புற்றும் தம்முட் பிளவுற்றும் நின்ற ஒரு படை விளையாட்டின் மூலம் மீண்டும் ஒரு சமூகமாகக் கூடுவதை இப்பகுதியிலே காண்கின்றோம்.

ஆயின், அடுத்த காண்டம் வேறொரு காட்சியுடன் தொடங்குகின்றது. போட்டிகள் முடிந்து அனைவரும் உறங்கச் சென்ற பின் அக்கிலீஸ் மட்டும் உறக்கமின்றிப் புரள்கின்றான். விடியலில் எழுந்து, தான் கொன்ற எக்டரின் உடலைத் தேரிற் கட்டிப் பத்ரோகுளுசின் கல்லறையைச் சுற்றி இழுக்கின்றான். இச்செயல் நாட்கணக்கில் தொடர்கின்றது. எக்டரின் தந்தையாகிய முதியவன் பிரியாம் இரவிலே தனியனாய் அவன் பாசறைக்கு வந்து, இருவரும் தத்தம் இழப்பை எண்ணி ஒருங்கே அழுது, ஒருங்கே உணவு உண்ட பின்னரே அக்கிலீசுக்கு ஓய்வு கிட்டுகின்றது. விளையாட்டு படையை ஒன்றுகூட்டியது. படைவீரனின் உள்ளத்துப் புண்ணை ஆற்றுதற்கு அது மட்டும் போதவில்லை.

வியற்நாம் யுத்தத்திலிருந்து மீண்ட படையினருக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க உளமருத்துவர் ஜொனதன் ஷே, 1994 இல் வெளியிட்ட தமது நூலிலே இலியட்டைத் துணைக்கொண்டு போர் மனவடுவை விளக்க முற்பட்டமை தற்செயலன்று. வீரயுகப் பாடல்கள் போரைப் புகழ்வதோடு அமையாது, போரினால் உளமும் உடலும் சிதைந்தவனைச் சமூகம் எவ்வாறு மீளப் பெற்றுக்கொள்கின்றது என்ற வினாவையும் தம்முள் கொண்டுள்ளன. கிரேக்க, தமிழ் வீரயுகப் பாடல்களை ஒப்புநோக்கி 1968 இல் க. கைலாசபதி வெளியிட்ட ஆய்வின் வழியே நமது இலக்கியத்தையும் இவ்வாறு நோக்க இடமுண்டு. புறநானூற்றின் 281 ஆம் செய்யுளிலே விழுப்புண் பட்டவனின் இல்லத்தில் வேப்பந்தழை செருகி, ஐயவி சிதறி, நறும்புகை எழுப்பி, யாழும் பிற இயங்களும் ஒலிக்கப் பெண்கள் கூடிப் பாடிக் காவலிருக்கின்றனர். புண்பட்டவனைத் தனித்திருக்க விடலாகாது என்பதே இச்சடங்கின் உட்பொருளாகும்.

இப்பின்னணியில், போட்டி விளையாட்டின் மூலம் முன்னாள் படையினரின் மனவடுவை ஆற்றும் நவீன முயற்சிகள் எவ்வாறு தோன்றின, அவை எவ்வாறு பயன் தருகின்றன, எவ்விடத்தில் தம் எல்லையை எட்டுகின்றன என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விளையாட்டு பயன் தருகின்றது என்பதை மறுப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அப்பயன் எங்கிருந்து பிறக்கின்றது என்ற விடயத்திலேயே வழக்கமான விளக்கங்களோடு நாம் மாறுபட வேண்டியுள்ளது. வெல்லப்படாத தனிமனித மனவுறுதியே காயமுற்றவனை மீட்கின்றது என்பது பரவலான விளக்கம். அறுந்துபோன சமூக உறவுகளை விளையாட்டு மீளப் பிணைப்பதே மீட்சியின் அடிப்படை என்பதும், அப்பிணைப்பு விளையாட்டரங்கின் மதிலோடு நின்றுவிடின் மீட்சியும் அங்கேயே நின்றுவிடும் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகளாகும்.

2

போரினால் ஏற்படும் உளச்சிதைவுக்குப் பெயரிட்ட வரலாறே ஒரு போராட்ட வரலாறாகும். முதலாம் உலகப் போரின்போது பிரித்தானிய மருத்துவர் சார்ள்ஸ் மயர்ஸ் 1915 இல் 'எறிகணை அதிர்ச்சி' என்னும் பொருள்படும் தொடரை மருத்துவ உலகிற்கு அறிமுகஞ் செய்தார். நடுக்கம், பேச்சிழப்பு, நடக்க இயலாமை, கொடுங்கனவு ஆகியன அதன் அறிகுறிகள். ஆயின் ஒரே நோய்க்கு இருவகைச் சிகிச்சைகள் இருந்தன. எடின்பரோ நகரையடுத்த கிரெய்க்லொக்காட் மருத்துவமனையில் அதிகாரிகள் பேச்சின் மூலமும் ஓய்வின் மூலமும் குணப்படுத்தப்பட்டனர். கவிஞர்களான சீக்பிரிட் சசூனும் வில்பிரட் ஓவனும் 1917 இல் அங்கே தங்கியிருந்தவர்கள். சாதாரண சிப்பாய்களுட் பலருக்கோ மின்னதிர்ச்சியே மருந்தாயிற்று. அதற்கும் வாய்ப்பின்றிப் படையை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானிய இராணுவத்தினாற் சுட்டுக் கொல்லப்பட்டோருள் 306 பேருக்கு 2006 இலேயே சட்டபூர்வமான மன்னிப்பு வழங்கப்பட்டது. நோயினை நோயென ஏற்றுக்கொள்வதிலும் வர்க்க வேறுபாடு தொழிற்பட்டமை இதனாற் புலனாகும்.

கிரெய்க்லொக்காட்டிலே சசூனுக்குச் சிகிச்சையளித்த றிவேர்ஸின் பெயர் இலக்கிய வரலாற்றிலே நன்கறியப்பட்டது. ஓவனுக்குச் சிகிச்சையளித்த ஆதர் புரொக் அத்துணை அறியப்பட்டவரல்லர். எனினும் நமது பொருளுக்கு அவரே முக்கியமானவர். சமூகவியலாளர் பற்றிக் கெடிஸின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டிருந்த புரொக், போர் நோயாளி தன் சூழலிலிருந்து துண்டிக்கப்பட்டவன் என்றும், செயலின் மூலம் அவனைச் சூழலோடு மீண்டும் இணைப்பதே சிகிச்சை என்றும் கருதினார். தாய் மண்ணிற் கால் பதிந்துள்ளவரை வெல்லப்பட முடியாதவனாயிருந்து, ஹெர்குலிசினாலே தூக்கப்பட்டதும் வலுவிழந்த அந்தேயுஸ் என்னும் அரக்கனின் கதையை அவர் தம் கோட்பாட்டுக்குக் குறியீடாகக் கொண்டார். அவரது தூண்டுதலினால் ஓவன் அக்கதையைப் பொருளாகக் கொண்டு கவிதை எழுதியதோடு, மருத்துவமனைச் சஞ்சிகையின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார்.

செயலும் சூழலும் பற்றிய இச்சிந்தனை அதிகாரிகளுக்கான ஒரு மருத்துவமனைக்குள் அடங்கிப்போயிற்று. அரை நூற்றாண்டு கழித்து, வியற்நாம் யுத்தத்தை எதிர்த்த முன்னாள் அமெரிக்கச் சிப்பாய்கள் 1970 அளவில் தாமே குழுக்களாகக் கூடித் தம் அனுபவங்களைப் பேசத் தொடங்கினர். ரொபேட் லிஃப்ரன், ஹையிம் ஷற்றன் ஆகிய உளமருத்துவர் அவர்களோடு இணைந்தனர். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என இன்று வழங்கும் வகைப்பாடு 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெறுவதற்கு இவ்வியக்கம் முக்கிய காரணியாயிற்று. பாதிக்கப்பட்டோர் அமைப்பாகத் திரண்டமையே நோயின் பெயரையும் பெற்றுத் தந்தது என்பது மனங்கொளத்தக்கது.

3

போட்டி விளையாட்டினைத் திட்டமிட்ட சிகிச்சையாக வளர்த்தெடுத்த பெருமை லுட்விக் குட்மனுக்கு உரியது. 1899 இல் மேற் சைலீசியாவிலே யூதக் குடும்பத்திற் பிறந்த அவர், பிறெஸ்லோ நகரிற் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவராக விளங்கி, நாசி ஆட்சியினின்றும் தப்பி 1939 இல் இங்கிலாந்தை அடைந்தார். நேசநாடுகள் ஐரோப்பியக் கரையிற் படையிறக்கத் திட்டமிட்டுக்கொண்டிருந்த வேளையில், முண்ணாண் பாதிப்புற்று வரவிருக்கும் சிப்பாய்களுக்கென ஸ்ரோக் மண்டெவில் மருத்துவமனையில் 1944 பெப்ரவரி 1 ஆந் திகதி தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பு இவ்வகதி மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

முள்ளந்தண்டு முறிந்து கீழுடல் செயலிழந்தவன் அக்காலத்தில் நடைப்பிணமாகக்கூடக் கருதப்படவில்லை. விரைவில் இறக்கப்போகும் பிணமாகவே கருதப்பட்டான். முதலாம் உலகப் போரில் இவ்வாறு காயமுற்றோருட் பெரும்பாலானோர் படுக்கைப் புண்ணினாலும் சிறுநீர்த் தொகுதியின் தொற்றினாலும் மாண்டனர். குட்மன் இவ்விரு காரணிகளையும் முதலில் எதிர்கொண்டார். இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிக் கிடத்துதல் விதியாயிற்று. உயிர் காப்பாற்றப்பட்டது. காப்பாற்றப்பட்ட உயிர் எதற்காக என்பது அடுத்த வினாவாக எழுந்தது. இருபது வயதிலே இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுச் சுவரை நோக்கிப் படுத்திருக்கும் இளைஞனுக்கு மருந்துப் புட்டியினுள் விடையிருக்கவில்லை.

மருத்துவமனையில் தொழிற்பட்டறைகள் அமைக்கப்பட்டன. அதனோடு விளையாட்டும் புகுத்தப்பட்டது. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறு கோல்கொண்டு ஆடும் ஒருவகைப் போலோவில் தொடங்கிப் பின்னர் வலைப்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், மேசைப்பந்தாட்டம், அம்பெய்தல் எனப் பெருகிற்று. அம்பெய்தலைத் தேர்ந்தமைக்குத் தக்க உடலியற் காரணமுண்டு. வில்லை நாணேற்றி இழுக்கையில் தோளும் முதுகும் வலுப்பெறுகின்றன. இடுப்புணர்வை இழந்தவன் நிமிர்ந்திருந்து சமநிலை பேணப் பழகுகின்றான். அதனினும் முக்கியமாக, நடப்பவனுக்கும் நடக்க இயலாதவனுக்கும் அம்பெய்தலில் இலக்கு ஒன்றே.

1948 யூலை 29 ஆந் திகதி லண்டனில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கின. அதே நாளில் ஸ்ரோக் மண்டெவில் புற்றரையில் இரு மருத்துவ இல்லங்களைச் சேர்ந்த முன்னாள் படையினர் பதினாறு பேர் அம்பெய்தற் போட்டியிலே கலந்துகொண்டனர். அவர்களுள் இருவர் பெண்கள். 1952 இல் நெதர்லாந்திலிருந்து முன்னாள் படையினரின் அணி வந்து சேர இது சர்வதேசப் போட்டியாயிற்று. 1960 இல் உரோமாபுரியில் 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் பங்குபற்றிய போட்டியே இன்று முதலாவது பராலிம்பிக் எனக் கொள்ளப்படுகின்றது. 1965 ஆம் ஆண்டு யுத்தத்திற் குண்டுக் காயமுற்ற இந்தியச் சிப்பாய் முரளிகாந்த் பெற்கர், மருத்துவமனையில் நீச்சலைச் சிகிச்சையாகத் தொடங்கி, 1972 இல் ஹைடல்பேர்க் போட்டியிலே தங்கப் பதக்கம் பெற்றமை இம்மரபின் நீட்சியாகும்.

இம்முயற்சியின் சமூகப் பின்புலத்தைத் தனியே குறிப்பிடல் வேண்டும். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை 1948 யூலை 5 ஆந் திகதி, அதாவது அந்த அம்பெய்தற் போட்டிக்கு 24 நாட்களின் முன்னரே, செயற்படத் தொடங்கியது. 1944 இல் நிறைவேற்றப்பட்ட சட்டமொன்று, இருபதும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் நிறுவனங்களில் நூற்றுக்கு 3 வீதமான இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டுமென விதித்தது. 'றெம்புளோய்' என்ற அரச நிறுவனம் அவர்களுக்கெனத் தொழிற்சாலைகளை அமைத்தது. தம் நோயாளிகளை வரி செலுத்துவோராக்குவதே தமது நோக்கமெனக் குட்மன் கூறுவதுண்டு. இக்கூற்றிலே உழைப்புச் சக்தியைப் பழுதுபார்த்து மீண்டும் சந்தைக்கு அனுப்பும் முதலாளித்துவத் தேவை தொனிப்பது உண்மையே. எனினும் மருத்துவமனை, பட்டறை, விளையாட்டுத் திடல், வேலைத்தலம் என்ற நான்கும் ஒரு சங்கிலியின் கண்ணிகளாய் அமைந்திருந்தன என்பதும் உண்மையாகும். அம்பெய்தவன் திடலைவிட்டு வெளியேறுகையில் அவன் செல்வதற்கு ஓர் இடம் இருந்தது.

4

உடற்பயிற்சி மட்டும் போதாதா, போட்டி எதற்காக என்ற வினா இயல்பாக எழக்கூடியது. போட்டி என்பது முதலாளித்துவச் சந்தையின் தருக்கம் என ஐயுறும் முற்போக்காளர் இவ்வினாவை மேலும் அழுத்தமாக எழுப்புவர். இதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

முதலாவதாக, மனவடு உற்றவனின் உடல் எப்பொழுதும் போர்க்களத்திலேயே நிற்கின்றது. திடீரொலி கேட்டதும் நெஞ்சு படபடக்கின்றது, வியர்க்கின்றது, தசைகள் இறுகுகின்றன. இவ்வறிகுறிகள் யாவும் மரணம் அணித்தே உளது என்பதற்கான அடையாளங்களாக அவன் உடலிலே பதிந்துள்ளன. அவற்றைத் தவிர்க்க அவன் வெளியுலகையே தவிர்க்கின்றான். போட்டியின்போதும் நெஞ்சு படபடக்கின்றது, தசைகள் இறுகுகின்றன. ஆயின் அதற்கொரு தொடக்கமும், வகுக்கப்பட்ட விதிகளும், நடுவரின் ஊதலோடு வரும் முடிவும் உண்டு. அச்சமின்றியே கிளர்ச்சியுறலாம், கிளர்ச்சியுற்றபின் தணியலாம் என்பதை உடல் சிறிது சிறிதாக மீளக் கற்றுக்கொள்ள வாய்ப்பு ஏற்படுகின்றது.

இரண்டாவதாக, போர்க்களத்தில் தோல்வி என்பது பெரும்பாலும் மரணம். தன்னுடைய மரணம் அல்லது தோழனுடைய மரணம். விளையாட்டிலே தோற்றவன் உயிரோடிருக்கின்றான். எதிரியோடு கைகுலுக்குகின்றான். அடுத்த வாரம் மீண்டும் ஆடுகின்றான். தோல்விக்கும் சாவுக்கும் இடையே போர் அழித்துவிட்ட வேறுபாட்டினைப் போட்டி மீண்டும் நிலைநாட்டுகின்றது. தனித்துச் செய்யும் உடற்பயிற்சி இதனைச் செய்யாது.

மூன்றாவதாக, போட்டி பரிதாபத்தை விலக்குகின்றது. காயமுற்றுத் திரும்பியவனை நோக்கிக் குடும்பமும் ஊரும் நீட்டும் இரக்கம் அவனைச் செயலற்ற பொருளாக்குகின்றது. எதிரணி ஆட்டக்காரன் அவனுக்கு இரங்குவதில்லை. அவனை வெல்லவே முயல்கின்றான். வெல்லப்படத்தக்க ஒருவனாக மதிக்கப்படுதல் மனிதனாக மதிக்கப்படுதலின் ஒரு வடிவமாகும். அன்றியும், தன் அனுபவத்தைச் சொற்களில் வெளியிட இயலாத முன்னாள் படையினர் பலர், உளவளத்துணையாளரின் எதிரே அமர்ந்து பேசுவதிலும் பார்க்க, அதே அனுபவமுடையவனோடு தோளுக்குத் தோள் நின்று ஒரு செயலிலே ஈடுபடுகையில் எளிதாக வாய்திறக்கின்றனர். இழந்துபோன படைத் தோழமைக்கு, கொலைத்தொழில் நீங்கியதொரு மாற்று இங்கு கிடைக்கின்றது.

நான்காவது காரணியே மிக முக்கியமானது. சக்கர நாற்காலிக் கூடைப்பந்தாட்டத்தில் ஒவ்வொரு வீரருக்கும் அவரது உடலியக்க ஆற்றலுக்கேற்ப 1.0 முதல் 4.5 வரை புள்ளி வழங்கப்படுகின்றது. உடற்பகுதியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க இயலாதவருக்கு 1.0, மிகக் குறைந்த பாதிப்புடையவருக்கு 4.5. களத்தில் இறங்கும் ஐவரின் புள்ளிகளின் கூட்டுத்தொகை 14 ஐ விஞ்சலாகாது. எனவே வல்லவர் ஐவரை மட்டும் கொண்டு ஓர் அணியை அமைக்க முடியாது. மிகக் கடுமையாகப் பாதிப்புற்றவர் அணிக்கு இன்றியமையாதவராகின்றார். அவர் பந்தைக் கூடையிலிடாதிருக்கலாம். தன் நாற்காலியை எதிரியின் பாதையிற் குறுக்கே நிறுத்தித் தோழனுக்கு வழி திறந்துவிடுவார். கனடாவின் வினிப்பெக் நகரில் 1976 இலே கை, கால் நான்கும் பாதிப்புற்றோருக்கென உருவாக்கப்பட்ட சக்கர நாற்காலி றக்பியிலும் இதே தத்துவம் உண்டு: நால்வர் கொண்ட அணி, 0.5 முதல் 3.5 வரையான புள்ளிகள், கூட்டுத்தொகை 8.

இவ்விதியினை ஒரு விளையாட்டு நுட்பமாக மட்டும் நோக்கலாகாது. சந்தையிலே போட்டி வலிமை குன்றியவனை வெளியே தள்ளுகின்றது. இங்கோ அவனின்றி ஆட்டமே நடைபெறாதவாறு விதி வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொருவரும் தத்தம் ஆற்றலுக்கேற்பப் பங்களிக்கும் ஒரு சமூக ஒழுங்கின் சிறு மாதிரி, ஒரு கூடைப்பந்தாட்டத் திடலின் எல்லைக்குள் நடைமுறையாகியுள்ளது எனலாம். போட்டி தன்னளவிலே தீயதுமன்று, நல்லதுமன்று. எத்தகைய விதிகளின்கீழ், எவ்வகை உறவுகளுக்குள் அது நிகழ்கின்றது என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றது.

இவற்றைக் கூறுமிடத்து எல்லைகளையும் கூறுதல் ஆய்வறத்தின்பாற்படும். விளையாட்டுக்கும் முன்னாள் படையினரின் நல்வாழ்வுக்கும் உள்ள தொடர்பு பற்றி வெளிவந்த ஆய்வுகளை நிக் கடிக், பிறெற் சிமித் ஆகியோர் 2014 இலே தொகுத்து மதிப்பிட்டனர். அவர்கள் கண்ட பயன்கள் நம்பிக்கை தருவன. ஆயின் மதிப்பிடக் கிடைத்த ஆய்வுகள் சிலவே. விளையாட்டுக்கு முன்வருவோர் வீட்டைவிட்டு வெளியே வரும் அளவுக்கேனும் தேறியவர்கள் என்பதையும் மறத்தலாகாது. கதவைப் பூட்டிக்கொண்டு இருளில் இருப்பவன் எந்தப் பதக்கப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. தன் கைகளினாலே செய்த செயலின் குற்றவுணர்வினால் வாடுபவனின் புண் அறக்காயம் என்னும் பொருளிற் பெயரிடப்படுகின்றது. அத்தகைய புண்ணுக்கு ஓட்டமும் நீச்சலும் துணை மருந்தாகலாம்; முழு மருந்தாக மாட்டா.

5

2010 இல் ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் கொலராடோவிலே காயமுற்ற படையினருக்கான போட்டிகளைத் தொடங்கிற்று. 2013 இல் அவற்றைக் கண்ணுற்ற பிரித்தானிய இளவரசர் ஹரி, 2014 செப்டெம்பரில் லண்டனிலே இன்விக்ரஸ் போட்டிகளை ஆரம்பித்தார். 13 நாடுகளைச் சேர்ந்த 400 க்கு மேற்பட்டோர் அதிற் பங்குபற்றினர். உடற்காயத்தோடு உளக்காயமும் பங்குபற்றுவதற்குரிய தகைமையாக ஏற்றுக்கொள்ளப்பட்டமை, உளநோயைக் கோழைத்தனமாகக் கருதித் துப்பாக்கிக்கு இரையாக்கிய இராணுவ மரபிலே ஒரு முக்கிய மாற்றமாகும். குடும்பத்தவரும் போட்டிகளுக்கு அழைக்கப்பட்டமை அறுந்த உறவுகளைப் பிணைப்பதில் அமைப்பாளர் கொண்டிருந்த புரிந்துணர்வைக் காட்டுகின்றது. இவற்றைப் பாராட்டத் தயங்கவேண்டியதில்லை.

எனினும் அப்போட்டிகளின் பெயரைக் கவனித்தல் வேண்டும். 'வெல்லப்படாதவன்' என்னும் பொருள்படும் அந்த இலத்தீன் சொல், வில்லியம் ஏர்னெஸ்ற் ஹென்லியின் விக்ரோறியாக் காலக் கவிதையொன்றின் தலைப்பாக அறியப்பட்டது. தன் ஊழுக்குத் தானே தலைவனான தனிமனிதனை விதந்துரைக்கும் கவிதை அது. மீட்சியைத் தனிமனித மனவுறுதியின் விளைவாகக் காணும் இந்நோக்கு, மீளாதவனைப் பற்றி என்ன கூறும்? அவனுக்கு உறுதி போதவில்லை என்றே கூறும். நோயுற்றவன்மீதே நோயின் பழியைச் சுமத்தும் பழைய மரபு இவ்வாறு புகழ்ச்சியின் வேடம் பூண்டு மீண்டும் நுழைகின்றது.

இக்கருத்துநிலைக்குப் பொருளியல் அடித்தளமும் உண்டு. 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3 வீத ஒதுக்கீடு 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நீக்கப்பட்டது. அரசின் வசமிருந்த எஞ்சிய றெம்புளோய் தொழிற்சாலைகள் 2013 இல் மூடப்பட்டன. 2012 இல் லண்டன் பராலிம்பிக் போட்டிகளின் அனுசரணையாளர்களுள் ஒன்றான அற்றோஸ் நிறுவனமே, மாற்றுத்திறனாளிகள் வேலை செய்யத் தகுதியுடையரா எனப் பரிசோதிக்கும் அரச ஒப்பந்தத்தையும் வைத்திருந்தது. உதவிப்பணத்தை இழந்தோரும் அவர்தம் இயக்கங்களும் அந்நிறுவனத்தின் வாயிலிலே ஆர்ப்பாட்டஞ் செய்தனர். சங்கிலியின் ஏனைய கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட, விளையாட்டுத் திடல் மட்டும் ஒளி வெள்ளத்திலே எஞ்சி நின்றது. 2025 இல் கனடாவின் வன்கூவரில் நடைபெற்ற இன்விக்ரஸ் போட்டிகளின் முதன்மை அனுசரணையாளர்களுள் ஒன்று போர் விமானங்களையும் உற்பத்திசெய்யும் போயிங் நிறுவனமாகும். புண்ணை உண்டாக்கும் தொழிலும் புண்ணை ஆற்றும் விழாவும் ஒரே முகவரியைப் பெறுவதில் உள்ள முரண்பாடு விளக்கத்தை வேண்டாதது.

முதலாளித்துவ நாடுகளை மட்டும் குறைகூறி அமைவது நேர்மையாகாது. இரண்டாம் உலகப் போரிலே இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட மக்களைப் பறிகொடுத்து, எண்ணற்ற அங்கவீனரைத் தன் மடியிற் சுமந்த சோவியத் ஒன்றியம், 1980 இல் ஒலிம்பிக் போட்டிகளை மொஸ்கோவிலே நடத்தியபோது பராலிம்பிக் போட்டிகளை ஏற்க மறுத்தது. அவை நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில் நடைபெற்றன. சோவியத் அணியொன்று முதன்முதலாக அப்போட்டிகளிற் கலந்துகொண்டது 1988 இலேயாகும். பாசிசத்தை முறியடித்த சிப்பாயின் வெட்டுண்ட காலை வெற்றியணிவகுப்பு காண விரும்பவில்லை. உழைக்கும் மனிதனின் கட்டுடலை மட்டுமே இலட்சிய உருவாக்கிய ஓர் அழகியல், உழைக்க இயலாத உடலைக் காணாமற் செய்தது. இடதுசாரி இலக்கிய மாணவர் இத்தவற்றைத் தம் மரபின் தவறாக ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

6

யுத்தத்தினால் அழிவுற்ற சிறு நாடொன்றின் அனுபவம் வேறொரு வாய்ப்பைக் காட்டுகின்றது. 1992 முதல் 1995 வரை நிகழ்ந்த யுத்தத்தின் பின்னர், பொஸ்னியாவில் அமர்நிலைக் கரப்பந்தாட்டம் வேகமாகப் பரவியது. பத்து மீற்றர் நீளமும் ஆறு மீற்றர் அகலமும் கொண்ட சிறு தரை, தாழ்த்திக் கட்டிய வலை, ஒரு பந்து ஆகியனவே அதற்குத் தேவை. விலைமிகுந்த சக்கர நாற்காலி தேவையில்லை. போரிடும்போது காலிழந்தோரும், கண்ணிவெடியில் அகப்பட்டோரும் அதன் தேசிய அணியில் ஒருங்கே அமர்ந்தனர். 2000 முதல் 2016 வரையான ஐந்து பராலிம்பிக் இறுதியாட்டங்களிலும் பொஸ்னியாவும் ஈரானுமே மோதின. 2004 இலும் 2012 இலும் பொஸ்னியா வென்றது. ஈரானிய அணியின் எழுச்சியும் 1980 முதல் 1988 வரை ஈராக்குடன் நடந்த யுத்தத்தின் காயங்களிலிருந்தே தொடங்கியது. உலகின் மிகச் சிறந்த அணிகள் எவையென வினவின், எந்நாடுகள் மிகுதியாகக் காலிழந்தனவோ அவை என்பதே விடையாயிற்று.

இலங்கைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 2012 இல் லண்டனிலே 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் வென்று நாட்டின் முதலாவது பராலிம்பிக் பதக்கத்தைப் பெற்ற பிரதீப் சஞ்சயவும், 2021 இல் ரோக்கியோவிலே 67.79 மீற்றர் தூரத்துக்கு ஈட்டி எறிந்து உலக சாதனையுடன் முதலாவது தங்கத்தைப் பெற்ற தினேஷ் பிரியந்த ஹேரத்தும் இராணுவத்தினர். பின்னவர் 2008 இல் வடக்கு யுத்தத்திலே கையிற் காயமுற்றவர். நமது யுத்தத்தின் சிப்பாய்களுட் பெரும்பாலோர் சிங்களக் கிராமங்களின் வறிய குடும்பங்களிலிருந்து, வேறு தொழிலின்மையாற் படையிற் சேர்ந்தோர் என்பதை நாம் அறிவோம். அவர்களது புண்ணும் புண்ணே. றாகமையிலுள்ள புனர்வாழ்வு நிலையத்திலே சக்கர நாற்காலியில் இருக்கும் இளைஞனின் மீட்சியில் மகிழ்வுறுதல் எந்தத் தமிழனுக்கும் இழுக்காகாது.

அதே யுத்தத்தில் மறுபுறம் நின்றவர்களின் நிலை யாது? 2009 மேயின் பின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் அரசின் புனர்வாழ்வு முகாம்களினூடாகச் சென்று வெளிவந்தனர். அவர்களுள்ளும் கை கால் இழந்தோர், முள்ளந்தண்டு முறிந்தோர், உறக்கமிழந்தோர் உளர். எறிகணையினாற் காயமுற்ற, எந்தப் படையிலும் சேராத தாய்மாரும் சிறுவரும் உளர். போரின் மனவடு தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமுதாயத்தையும் ஒருசேரத் தாக்குவது என்பதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தமது நூல்களிலே நிறுவியுள்ளார். அவ்வாறாயின் மீட்சியும் அந்த அளவிலேயே திட்டமிடப்படல் வேண்டும். சீருடை அணிந்தவனின் இழந்த காலுக்கு ஓய்வூதியமும் விளையாட்டரங்கும் உண்டு. மற்றையோரின் இழந்த கால் அவரவர் வீட்டுக் கவலையாகவே விடப்படுகின்றது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் செயற்கைக் கால் பொருத்தும் பணி நடைபெற்று வந்தமையும், வன்னியில் முண்ணாண் பாதிப்புற்றோர் தாமே கூடி அமைப்பாக இணைந்தமையும் பாதிக்கப்பட்ட மக்களின் முன்முயற்சிக்குச் சான்றுகள். அவை அரசின் கடமைக்கு மாற்றீடாகமாட்டா.

7

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிபுகளைச் சுருக்கிக் கூறலாம். போட்டி விளையாட்டு மனவடுவுற்ற படையினருக்கு மெய்யான பயன் தருவது. உடலை அச்சத்திலிருந்து விடுவித்தும், தோழமையை மீட்டுத் தந்தும், மிகவும் நலிந்தவனையும் அணிக்கு இன்றியமையாதவனாக்கியும் அது தொழிற்படுகின்றது. அப்பயன் நிலைப்பதற்குத் திடலுக்கு அப்பால் வேலையும் வைத்திய வசதியும் ஓய்வூதியமும் காத்திருத்தல் வேண்டும். அவையற்ற இடத்திலே விளையாட்டு காட்சிப் பொருளாகிப் போரின் முகத்தை மறைக்கும் திரையாகின்றது. இறுதியாக, ஒரு தரப்பின் காயத்தை மட்டும் காயமாக ஏற்கும் எந்த விழாவும் இலியட்டின் இருபத்துமூன்றாம் காண்டத்தோடு நின்றுவிடுகின்றது.

இந்நாட்டிலே ஒருநாள் தாழ்த்திக் கட்டிய வலையின் இருபுறமும், ஒருவரையொருவர் சுட்டுக் காயப்படுத்தியோர் தரையிலமர்ந்து பந்தடிக்கக் கூடுமாயின் அது பெருஞ்செய்தியாகும். அதனை நாம் வரவேற்றல் வேண்டும். ஆயின் ஆட்டம் முடிந்தபின் அவர்கள் ஒருங்கே உணவருந்துவரா, காணாமற்போன மகனைத் தேடும் தாய்க்கும் போரிலே மகனை இழந்த தாய்க்கும் அவ்விடத்தில் ஆசனம் இடப்படுமா என்பவற்றைக் கொண்டே அம்மீட்சியை மதிப்பிடல் வேண்டும். பிரியாம் பாசறைக்குள் நுழைந்த அவ்விரவிற்குப் பின்னரே அக்கிலீஸ் உறங்கினான் என்பதை இலக்கிய மாணவர் மறத்தலாகாது.